மாருதி ஜிப்ஸி: எது குணம், எது கோளாறு

"ஜிப்ஸின்னா அப்படித்தாண்ணா இருக்கும்." மாருதியின் பழைய ஃபோர் வீல் வண்டியான ஜிப்ஸியைப் பெங்களூரில் வைத்திருப்பவர் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்த வாக்கியம் காதில் விழாமல் இருக்காது. அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறதா? அப்படித்தான். கிளட்சை விட்டதும் அடியில் 'டொக்' என்று இடிக்கிறதா? அப்படித்தான். முன் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து மண்ணோடு அப்பிக் கிடக்கிறதா? அதுவும் அப்படித்தான்.

இதில் பாதி உண்மை, பாதி சோம்பல். இந்த வண்டிக்குப் பிறவிக் குணங்கள் சில உண்டு. அவற்றோடு குடும்பம் நடத்தத்தான் வேண்டும். மற்றதெல்லாம் யாரோ ரிப்பேர் செய்யாமல் விட்டுவிட்டு, குணம் என்று பெயர் சூட்டிய கோளாறுகள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் வாங்கியவர்தான் ஆசையாக வாங்கிய வண்டியை ஒன்றரை வருஷத்தில் விற்கிறார். வாங்குபவரும் அதே உதறலோடு ஓட்டுகிறார்.

எந்த ஜிப்ஸி

1985-இல் வந்தது எம்ஜி410: 970 சிசி எஃப்10ஏ எஞ்சின், 45 குதிரைசக்தி, நான்கு கியர். 1993-இல் சக்கர இடைவெளியை அகலமாக்கி எம்ஜி410டபிள்யூ வந்தது. 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சினோடு 'ஜிப்ஸி கிங்', அதாவது எம்ஜி413டபிள்யூ. அப்போதும் கார்புரேட்டர்தான், 60 குதிரைசக்தி. 2000-இல் அதே 1298 சிசியில் 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் சென்சார் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வைத்த ஜி13பிபி எஞ்சின்: 80 குதிரைசக்தி, 103 நியூட்டன் மீட்டர். 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது.

பெங்களூரில் தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் எம்பிஎஃப்ஐ தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. எந்த டர்போ இல்லாத எஞ்சினும் அந்த அளவு இழுவையை இழக்கும். எம்பிஎஃப்ஐ-யில் சென்சார் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஜெட்டை மாற்றாதவரை பெட்ரோல் அதிகமாகக் குடித்துக் கரும்புகை கக்கும். கார்புரேட்டர் கிங் மோசமான வண்டி என்று சொல்லவில்லை. காட்டில் நின்றுபோனால் ஸ்க்ரூ டிரைவரை வைத்தே கிளப்பிவிடலாம். ஆனால் சில்க் போர்டு சிக்னலில் நாற்பது நிமிஷம் நிற்பதற்கு அது வேண்டாம்.

இன்னொரு வசதி, ஜி13பிபி எஸ்டீமிலும் வந்த எஞ்சின். எஸ்டீம் பாகங்கள் ஜே.சி. ரோட்டில் இன்றும் கிடைக்கின்றன. எஞ்சினுக்காக ஜிப்ஸிக்காரர்கள் அலைவது குறைவு. அலைச்சலெல்லாம் எஞ்சினுக்குப் பின்னாலும் கீழேயும் இருப்பவற்றுக்குத்தான்.

உண்மையான குணங்கள்

முதல் குணம் குதிப்பது. நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் முழு ஆக்சில். வண்டியின் எடையோ ஏறக்குறைய ஒரு டன். ஆறேழு பேரும் மூட்டையும் ஏறினால் படிவதற்கென்று போட்ட பட்டைகள் அவை. ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டினால் அவை அசையவே மாட்டேன் என்கின்றன. அசைய வேண்டியது நம் முதுகெலும்பு. முழுசாகத் தீராது, ஆனால் பாதி குறையும். பங்க்கில் காற்றுப் பிடிக்கும் பையன் மற்றக் கார்களுக்குப் பிடிக்கிற பழக்கத்தில் 33, 35 என்று ஏற்றிவிடுவான். இந்த எடைக்கு 24 முதல் 26 போதும். பிறகு பட்டைகளைக் கழற்றித் துருவைத் தேய்த்து, இடையில் கிராஃபைட் கிரீஸ் தடவி, ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸியோடு இணைக்கும் துண்டு) புஷ்களைப் புதிதாகப் போட வேண்டும். புஷ் இறுகிப்போன வண்டியில் பட்டை வளைந்து நீள இடமில்லாமல் அடி நேராக சேஸிக்குப் போகிறது.

பட்டை ஒன்றைக் கழற்றிவிட்டால் மெத்தென்று ஆகும் என்பார்கள். பின்பக்கம் அடியிலிருக்கும் தடித்த பட்டையை எடுத்து ஓட்டுபவர்கள் உண்டு. மேலிருந்து இரண்டாவதை மட்டும் தொடவே கூடாது. மெயின் பட்டை உடைந்தால் ஆக்சிலைப் பிடித்துக்கொள்வது அதுதான்.

இரண்டாவது குணம் அந்த 'வீ...' என்கிற முனகல். இது பலருக்குத் தெரியாத விஷயம்: ஜிப்ஸியில் டூ வீல் டிரைவில் போனாலும் சக்தி டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள், அதாவது முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டிக்குள், பல்சக்கரம் வழியாகத்தான் போகிறது. பல் விகிதம் ஹையில் 1.409, லோவில் 2.268. மற்றப் பல ஃபோர் வீல் வண்டிகளில் ஹை என்பது நேர் இணைப்பு. இதில் எப்போதும் பல்லோடு பல் உரசுகிறது. அதனால் முனகல் இருக்கும். வேகம் ஏற ஏறச் சீராக உயர்ந்தால் அது குணம். ஆக்சிலரேட்டரைத் தூக்கும்போது மட்டும் ஊளையிட்டால் அது கிரவுன் பினியன், டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி.

மூன்றாவது, ஹைவேயில் மூச்சு வாங்குவது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தாவது கியர் 0.795, டிரான்ஸ்ஃபர் 1.409, டிஃப்ரன்ஷியல் 3.909. மூன்றையும் பெருக்கினால் 4.38. 205/70 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் போகும். அப்படியென்றால் 3000 ஆர்பிஎம்மில் மணிக்கு 86 கிலோமீட்டர். நூறில் போக 3500 சுற்ற வேண்டும். பெட்டி போன்ற உடம்பு, மேலே தார்ப்பாய். அந்த வேகத்தில் பேச்சு கேட்காது. எண்பது, எண்பத்தைந்தில் இந்த வண்டி சந்தோஷமாக இருக்கும். கிருஷ்ணகிரி தாண்டியதும் எல்லாரும் முந்திக்கொண்டு போவார்கள். போகட்டும்.

மைலேஜ் ஊருக்குள் 9 முதல் 11, வெளியே 12, 13. டேங்க் 40 லிட்டர். பொங்கலுக்கு மதுரை போகிறவர் ஒரு டேங்க்கை நம்பக் கூடாது. சேலத்தில் ஒருமுறை நிரப்பிக்கொள்வது நல்லது. பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்காருபவரை விபத்தில் எதுவும் காப்பாற்றாது. குழந்தைகளை அங்கே உட்காரவைத்து ஹைவே போவதை வண்டியின் அழகு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

உதறல்: இது குணம் அல்ல

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் அறுபது, எழுபதில் போகிறீர்கள். பாலத்தின் இணைப்பு ஒன்றில் முன்சக்கரம் ஏறி இறங்குகிறது. திடீரென்று ஸ்டியரிங் வெறிபிடித்த மாதிரி இடமும் வலமும் அடித்துக்கொள்கிறது. வேகத்தை நாற்பதுக்குக் குறைத்த பிறகுதான் நிற்கிறது. ஜிப்ஸிக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது இதுதான். இதற்குப் பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் வைத்தியம்: வீல் பேலன்ஸ், பிறகு அலைன்மென்ட், பிறகு புது டயர், கடைசியில் ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்க ஒரு ஸ்டியரிங் டேம்பர். டேம்பர் போட்டதும் உதறல் நின்றுவிடும். ஆறு மாதத்தில் அந்த டேம்பரும் தேய்ந்து பழையபடி ஆரம்பிக்கும். டேம்பர் காய்ச்சலுக்குப் போடும் மாத்திரை. கிருமி வேறெங்கோ இருக்கிறது.

பெரும்பாலும் அது கிங்பின் பேரிங்கில் இருக்கும். முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணிதான் கிங்பின். முன் ஆக்சிலின் இரு முனையிலும் உருண்டையான பந்து இருக்கிறதே, அதன் மேலும் கீழும் ஒவ்வொன்றாக மொத்தம் நான்கு சின்ன டேப்பர் பேரிங்குகள். நேராக ஓடும்போது உருளைகள் ஒரே இடத்தில் நின்று இடி வாங்குவதால் வளையத்தில் அந்த இடத்தில் குழி விழுந்துவிடும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மெதுவாகத் திருப்பினால், நேர் நிலைக்கு வரும்போது 'கடக்' என்று ஒரு பள்ளத்தில் விழுவது கைக்குத் தெரியும்.

சோதிக்கும் விதம் எளிது. முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் கிங்பின். 9, 3-இல் பிடித்தால் மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் முனைகளைப் பாருங்கள்.

மாற்றும்போது நடக்கும் தவறுதான் முக்கியம். பேரிங்கை மட்டும் புதிதாகப் போட்டு, பழைய வளையத்தை உள்ளேயே விட்டுவிடுவார்கள், அடித்து வெளியே எடுக்கச் சோம்பல்பட்டு. குழி விழுந்த வளையத்தில் புது உருளை எத்தனை நாளைக்கு? அடுத்தது ஷிம். கிங்பின்னுக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். ஒன்றை எடுத்தால் பேரிங் இறுகும், சேர்த்தால் தளரும். எத்தனை இருந்தன, எந்தப் பக்கம் இருந்தன என்று கழற்றும்போதே குறித்துவைக்க வேண்டும். இறுக்கம் சரியா என்பதை அளக்க ஒரு வழி உண்டு: நக்கிள், அதாவது பந்தைச் சுற்றிச் சக்கரத்தோடு திரும்பும் கூடு, அதன் சீலைப் போடுவதற்கு முன், டை ராட் மாட்டும் ஓட்டையில் ஒரு கொக்கித் தராசை மாட்டி இழுக்க வேண்டும், மீன் நிறுப்பார்களே அந்த ஸ்பிரிங் தராசு. நக்கிள் நகரத் தொடங்கும்போது முள் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் உதறல் திரும்ப வரும். மேலே போனால் ஸ்டியரிங் திருப்பிய பிறகு தானாக நேருக்கு வராது. பெங்களூரில் இந்தத் தராசு வைத்திருக்கும் பட்டறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான்; நீங்களே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.

கிங்பின் சரியாக இருந்தும் உதறினால் காஸ்டர் கோணத்தை, அதாவது கிங்பின் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவை, சந்தேகப்படுங்கள். வண்டியை உயரமாகக் காட்ட முன்னால் நீளமான ஷேக்கிள் போட்டிருப்பார்கள். ஜிப்ஸியின் முன் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருப்பதால், அதை நீட்டினால் ஆக்சில் முன்பக்கமாகச் சாய்ந்து காஸ்டர் குறைந்துபோகும். வண்டி அலையும், உதறும். பழைய ஷேக்கிளுக்கே திரும்புவது உத்தமம். விட மனசில்லை என்றால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கோணத்தை மீட்க வேண்டும். அலைன்மென்ட் கடையில் கேம்பர், காஸ்டர் எல்லாம் கம்ப்யூட்டரில் சரிசெய்து தருகிறோம் என்று சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். முழு ஆக்சிலில் திருகிச் சரிசெய்யக்கூடியது டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம், ஒன்றுதான்.

எண்ணெய் வழியும் நக்கிள்

முன்சக்கரத்தின் உள்பக்கம் கருப்பாகக் குழம்பு மாதிரி வழிந்தால், வெளியிலுள்ள வட்ட சீலை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மாதம் ஒன்று ஆகாது, திரும்ப வழியும். ஏனென்றால் அந்த வெளி சீல் கிரீஸையும் தூசியையும் தடுக்கத்தான் இருக்கிறது. எண்ணெயைத் தடுப்பது அதன் வேலையே இல்லை. எண்ணெயை நிறுத்த வேண்டியது ஆக்சிலுக்குள்ளே இருக்கும் சின்ன சீல். அது போனதும் டிஃப்ரன்ஷியல் எண்ணெய் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்து இரண்டும் கலந்து வெளியேறுகின்றன. கையில் தொட்டுப் பாருங்கள்: கெட்டியாக, பிசுபிசுவென்று இருந்தால் கிரீஸ் மட்டும். நீர்த்து, கந்தக வாடை அடித்தால் உள்சீல் போய்விட்டது. முன் டிஃப்ரன்ஷியலில் எண்ணெய் அளவையும் உடனே பார்க்க வேண்டும்.

கிங்பின் வேலைக்கு எப்படியும் இதையெல்லாம் கழற்றத்தான் போகிறார்கள். உள்சீல், வெளி சீல், பேரிங் மூன்றையும் ஒரே தடவையில் முடித்துவிட்டால் கூலி ஒன்றுதான்.

பின் ஆக்சிலில் இதே மாதிரி எண்ணெய் டிரம்முக்குள் இறங்கி பிரேக் பிடிக்காமல் போனால், சீலைத் திட்டுவதற்கு முன்பு ஆக்சில் மேலிருக்கும் காற்றுப்போக்கியை, ப்ரீதரைப் பாருங்கள். சேறு அடைத்துக்கொண்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். கழற்றிக் கழுவினால் போதும். ஓடையில் இறக்குபவர்கள் அதிலிருந்து ஒரு ரப்பர் ட்யூபை மேலே பாடி வரை இழுத்துக் கட்டிவிடுவார்கள். நல்ல பழக்கம்.

அடியில் கேட்கும் 'டொக்'

ஜிப்ஸியில் கியர்பாக்ஸ் தனி, டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி. நடுவே ஒரு குட்டை ஷாஃப்ட், அங்கிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. மூன்று ஷாஃப்ட், ஆறு கிராஸ் ஜாயிண்ட். டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்று ரப்பர் மவுன்ட்டில் தொங்குகிறது. இடியின் காரணம் இவற்றுக்குள்தான் ஏதோ ஒன்று.

கிளட்சை விடும்போதும் மிதிக்கும்போதும் டிரான்ஸ்ஃபர் லீவரைக் கவனியுங்கள். விரல் அளவுக்கு முன்னும் பின்னும் எகிறினால் மவுன்ட் ரப்பர் கிழிந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் லோவில் ஏற்றம் ஏறும்போது கியர் தானாகத் தெறித்துவிடும். பாறைமேல் அது நடந்தால் வேடிக்கையாக இருக்காது. மூன்று ரப்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதிதின்மேல் எல்லா பாரமும் விழுந்து அது முதலில் கிழியும்.

லீவர் அசையவில்லை என்றால் கிராஸ். ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். நிப்பிள் வழியாகக் கிரீஸ் அடிக்கும்போது நான்கு முனையிலும் பிதுங்கி வர வேண்டும். ஒரு முனையில் வரவில்லை என்றால் அங்கே காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். மழையில், சேற்றில் ஓட்டிய ஒவ்வொரு முறைக்குப் பிறகும், மற்றபடி 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் கிரீஸ் அடித்தால் கிராஸ் வருஷக்கணக்கில் ஓடும்.

ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் ஒயிட் பெயின்டால் இரு பக்கமும் கோடு போடச் சொல்லுங்கள். வழுக்கும் முனையை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாலும் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்காது. ஐம்பதுக்கு மேல் தரையெல்லாம் நடுங்கும். பிறகு அதைக் கண்டுபிடிக்க இன்னொரு பட்டறையில் ஆக்சிலையே கழற்றுவார்கள்.

எண்ணெய் கணக்கு: கியர்பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் 0.8, முன் டிஃப்ரன்ஷியல் 2, பின் 1.5. கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் ஜிஎல்-4 ரக எண்ணெய். டிஃப்ரன்ஷியல் இரண்டுக்கும் ஜிஎல்-5. ஒரே டப்பாவிலிருந்து நான்கிலும் ஊற்றுவது பட்டறை வழக்கம், அதுவும் ஜிஎல்-5. அதிலுள்ள கந்தகச் சேர்மானம் கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை நாளடைவில் அரிக்கும். அப்புறம் இரண்டாவது கியர் கரகரக்கும், "ஜிப்ஸின்னா அப்படித்தான்" வரும். இன்னொன்று: வடிக்கும் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணெயை வடித்த பிறகு மேல் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்கும்.

சூடு

ஏசி கம்பெனியிலிருந்து வரவில்லை, பிறகு மாட்டியது. ஏசி போட்டு டிராஃபிக்கில் நின்றால் முள் ஏறுகிறது என்பவர்கள் ரேடியேட்டரை மாற்ற ஓடுவதற்கு முன்பு விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்று பார்க்கட்டும். எப்போதோ வாட்டர் பம்ப் மாற்றியவர் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். கூடு இல்லாத விசிறி தன்னைச் சுற்றியுள்ள காற்றையே கடைகிறது. அடுத்தது விசிறியின் விஸ்கஸ் கிளட்ச், சூட்டுக்கு ஏற்ப விசிறியை எஞ்சினோடு இறுகப் பிடிப்பது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் அணைத்துவிட்டு விசிறியைக் கையால் சுண்டினால் இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்று சுற்று லேசாகச் சுழன்றால் கிளட்ச் காலி. இவை இரண்டும் சரி என்றால்தான் ரேடியேட்டர். சேற்றில் ஓட்டிய வண்டி என்றால் அதன் இதழ்களுக்கு நடுவே மண் சுட்ட செங்கல் மாதிரி இறுகியிருக்கும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். பிரஷர் வாஷ் இதழ்களைப் படுக்கவைத்துவிடும்.

இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டியின் பழைய ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் ஒருமுறை மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் டேங்க்கை நிரப்பியே நிறுத்துங்கள். பாதி காலியான இரும்பு டேங்க்கில் ஈரம் கோத்துத் துரு விழுந்து ஃபில்டரில் வந்து அடைக்கும்.

ஃபோர் வீல்

தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைக்காதீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃப்ரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும், போக விடாமல் பின் ஆக்சில் இழுக்கும், ஷாஃப்டுகள் முறுக்கேறும். லீவர் வெளியே வராமல் சிக்கிக்கொண்டது என்று பயப்படுபவர்கள் இரண்டு மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் 'டக்' என்று விடும்.

ஃப்ரீ வீலிங் ஹப் (முன்சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டிலிருந்து பிரித்துவிடும் பூட்டு) இருக்கும் வண்டியில் அதை எப்போதும் திறந்தே வைத்திருந்தால் முன் டிஃப்ரன்ஷியலில் எண்ணெய் சுற்றாது. மேல் பாதியில் துரு பிடிக்கும். மாதம் ஒருமுறை ஹப்பை லாக் செய்து, லீவர் டூ வீலிலேயே இருக்க, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால் போதும். லோ போட வண்டி நிற்க வேண்டும்.

லோவில் முதல் கியரின் மொத்த விகிதம் 32-க்குக் கொஞ்சம் மேல். பாறை ஏற இது சுமார்தான். அதனால்தான் மெதுவாக, கால் வைக்காமல் ஏற நினைப்பவர்கள் கிளட்சைத் தேய்க்கிறார்கள். பெரிய டயர் போட்டால் நிலைமை இன்னும் மோசம். 235/75 ஆர்15 போட்டால் டயர் சுற்றளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். கியர் அந்த அளவு உயர்ந்த மாதிரிதான். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 66. இழுவை குறைந்ததை ஈடுகட்ட எம்ஜி410-இன் 4.11 கிரவுன் பினியன் தேடி சிவாஜிநகரின் பழைய பாகச் சந்தையான குஜ்ரியில் அலைவார்கள். அங்கே வாங்கினால் முன் பின் இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும், ஒன்றில் 3.909, இன்னொன்றில் 4.11 இருந்தால் ஃபோர் வீல் போட்ட நிமிஷமே உடையும். 215/75 போதும் என்பது என் தீர்ப்பு. 5 சதவீதம்தான் ஏறும், சக்கரம் திருப்பும்போது பட்டையில் உரசாது.

ஆக்சிலுக்கு மேலே பட்டையை ஏற்றி ஐந்தாறு அங்குலம் தூக்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டிராக் லிங்க் கோணம், பிரேக் ஹோஸ் நீளம், ஷாஃப்ட் நீளம் மூன்றையும் மாற்றாமல் செய்தவை ரோட்டில் ஆபத்து. தவிர, ஆர்சியில் உள்ள கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. எஃப்சிக்குப் போகும்போது எல்லாவற்றையும் பழையபடி மாட்டுகிற வாரத்தில்தான் அந்த ஆசைக்கு எத்தனை செலவு என்று தெரியும்.

வாங்கும்போது

எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காதீர்கள். அதைச் செய்துவிடலாம். தரைக் கம்பளத்தைத் தூக்கி டிரைவர் காலடி, பின் சக்கர வளைவின் பின்புறம், முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பு, கதவின் அடி இவற்றைப் பாருங்கள். பிறகு படுத்து, சேஸியில் பின் ஷேக்கிள் தாங்கிகள், பாடி மவுன்ட் உட்காரும் இடங்கள் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இரும்பு. மொத்தென்றால் உள்ளே துரு, மேலே பட்டியும் அண்டர்கோட்டும். புதிதாக அடித்த கருப்பு அண்டர்கோட் வாங்குபவரை ஏமாற்றுவதற்கென்றே பாதி விற்பனைகளில் அடிக்கப்படுகிறது. சாவியைத் திருப்பியதும் செக் எஞ்சின் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

டெல்லியில் 15 வருஷம் முடிந்த பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை போட்டதிலிருந்து அங்கிருந்து என்ஓசியோடு (தடையின்மைச் சான்று) பல ஜிப்ஸிகள் தெற்கே வருகின்றன. உடம்பு நன்றாகவே இருக்கும், ஈரக்காற்று குறைவு. ஆனால் கர்நாடகத்தில் வாழ்நாள் வரி கட்டி மறுபதிவு செய்யும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். இங்கேயே பதிவான வண்டி என்றால் 15 வருஷத்துக்குப் பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு மத்திய அரசுக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால், ஏற்கெனவே சிவில் எண் வாங்கி ஆர்சி கையிலிருப்பதை மட்டும் பாருங்கள். "பேப்பர் பண்ணிக்கலாம் சார்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

புதுப்பிக்கவும் மறுபதிவுக்கும் ஆர்டிஓவில் சேஸியில் பொறித்த எண்ணைப் பென்சிலில் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். துரு அரித்து நான்கு எழுத்து அழிந்திருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஃபைல் அங்கேயே நின்றுவிடும். எனவே வண்டி பார்க்கப் போகும்போது ஒரு வயர் பிரஷ், ஒரு துண்டு வெள்ளைக் காகிதம், ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். எண் இருக்கும் இடத்தை லேசாகத் துடைத்து, காகிதத்தை வைத்துத் தேய்த்து, ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.